வீட்டுக் கொல்லையில் மீனும் கீரையும்

பத்தாங் காலி, உலு யாம், செரண்டா வட்டாரங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுந்து பெய்யும் என்பது தோட்டத்து மக்கள் யாவரும் அறிந்ததே. விடியற்காலையில் மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று பால்வெட்டு இல்லை. வெட்டு நாள்கள் குறையும் மாதத்தில் மளிகைக் கடைக் கணக்கு மட்டும் குறைவதில்லை. அரிசியும் பருப்பும் எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடும். அத்தகைய மாதங்களில் சட்டியிலிருந்து முதலில் மறைவது மீனும் கீரையுமே.

1974-ஆம் ஆண்டில், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த காலத்தில், பச்சைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பெற்றது. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு அன்று நாட்டு மக்கள் ஊக்குவிக்கப்பட்டதை மூத்த தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று பல லயங்களுக்குப் பின்னால் கொத்திப் பயிரிட மண் இருந்தது. இன்று பல இடங்களில் வீட்டின் பின்புறம் சிமெண்டுத் தரையும் கால்வாயுமாக இருக்கிறது. அதையடுத்துச் செம்பனை வந்துவிடுகிறது. மண் இல்லாத இடத்தில் எதைப் பயிரிடுவது என்ற வினாவுக்கு விடையாகவே மீனையும் கீரையையும் ஒரே நீரில் வளர்க்கும் முறையை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம். இதனை அக்குவாபோனிக்ஸ் என்பர். மீன்-பயிர்க் கூட்டு வளர்ப்பு என்று நாம் சொல்லலாம்.

இதைப் பற்றிய காணொளிகள் இந்நாளில் கைப்பேசிகளில் ஏராளமாக உலவுகின்றன. தொட்டியை எப்படி அறுப்பது, குழாயை எப்படிப் பொருத்துவது என்பதை அவை அழகாகக் காட்டுகின்றன. ஆனால் தொட்டி நிறைந்த அன்றே நூறு, இருநூறு மீன்குஞ்சுகளை வாங்கி விட்டவர்கள், இரண்டாம் வாரத்தில் அவற்றை வாளியில் அள்ளிப் புதைக்க நேர்வது ஏன் என்பதை அவற்றில் பல சொல்வதில்லை. ஆகவே அந்தக் காரணத்தை முதலிலும், ஆணியையும் குழாயையும் பின்னரும் கூறுவோம்.

அம்மோனியாவின் கதை

பால் வெட்டுவோருக்கு அம்மோனியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பால் வாளியிலேயே உறைந்து போகாதிருக்கச் சிறிதளவு அம்மோனியா சேர்ப்பதுண்டு. மூக்கைத் துளைக்கும் அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவர் மறவார். மீனும் தான் உண்ட உணவின் கழிவை இதே அம்மோனியாவாகவே, பெரும்பாலும் தன் செவுள்களின் வழியாக, நீரில் வெளியிடுகிறது. உண்ணப்படாமல் அடியில் தங்கி அழுகும் தீவனமும் அம்மோனியாவைத் தருகிறது. ஆற்றிலும் பெருங்குளத்திலும் நீர் மிகுதியாதலால் அது கரைந்து போய்விடும். தொட்டி நீரிலோ நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே வரும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் அளவை அது எட்டினாலே எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். நீர் வெப்பமடையுந்தோறும், அதன் காரத்தன்மை உயருந்தோறும், அம்மோனியாவின் நஞ்சும் வலுக்கும். நம் நாட்டு வெப்பத்தில் இது சிறிய செய்தியன்று.

இந்த நஞ்சை உணவாக மாற்றுவோர் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். நைட்ரோசோமோனாஸ் என்னும் வகையினவும் அதன் உறவினவும் அம்மோனியாவை நைட்ரைட் என்னும் பொருளாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. அது மீனின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கிவிடும். பின்னர் நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் முதலிய வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு மீனுக்கு ஏறத்தாழத் தீங்கற்றது. செடிக்கோ அது சிறந்த உரம். தோட்டத்தில் மரங்களுக்கு யூரியா உரம் இடும்போதும் மண்ணுக்குள் நடைபெறுவது ஏறக்குறைய இதே மாற்றந்தான். அங்கே மண் செய்யும் வேலையை இங்கே சரளைக் கற்களின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் செய்கின்றன.

மீன் தொட்டியிலிருந்து நீரை மேலேற்றிக் கற்படுகையில் பாய்ச்சுகிறோம். நுண்ணுயிர்கள் கழிவை உரமாக்குகின்றன. செடிகள் அவ்வுரத்தை உறிஞ்சுகின்றன. தூய்மையடைந்த நீர் மீண்டும் மீனிடம் வந்து சேர்கிறது. இவ்வளவே இதன் தத்துவம். மீனும் செடியும் பம்பும் காசு கொடுத்தால் அன்றே கிடைக்கும். நுண்ணுயிர்களோ தாமாக வந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க எண்ணுபவர்களின் மீன்கள்தாம் இரண்டாம் வாரத்தில் மிதக்கின்றன.

எங்கிருந்து வந்தது?

மீனும் பயிரும் ஒரே நீரில் வளர்வது ஆசியாவுக்குப் புதிதன்று. நம் நாட்டிலேயே பேரா மாநிலத்தின் கிரியான் வட்டாரத்து நெல் வயல்களில் செப்பாட் சியாம், கெலி, ஹாருவான் ஆகிய மீன்களை நெல்லோடு வளர்த்துப் பிடித்து வந்தனர். தொட்டியும் பம்பும் கொண்ட இன்றைய முறைக்கு உரிய ஆராய்ச்சிகள் அமெரிக்காவில் 1970-களில் தொடங்கின. கரீபியக் கடலிலுள்ள வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி என்னும் அறிஞர் 1980-களிலிருந்து பல்லாண்டுகள் உழைத்து, எத்தனை தீவனத்துக்கு எத்தனை செடி என்னும் கணக்கை வகுத்தார். அத்தீவுகளில் நன்னீர் அரிது. ஒரே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது அவர்களுக்குப் பெருந்தேவையாக இருந்தது. நமக்கோ மழைக்குக் குறைவில்லை, நிலந்தான் குறைவு. ஆகவே அவர்கள் கண்ட முறையை நாம் கடன் வாங்கினாலும் நம் காரணம் வேறு என்பதை மனத்திற் கொள்வது நலம்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்றும் உண்டு. திரெங்கானுவைச் சேர்ந்த அசிசா எண்டுட் முதலிய ஆய்வாளர்கள், தோட்டத்துப் பசாரில் நாம் அன்றாடம் காணும் ஆப்பிரிக்கக் கெலி மீனையும் கங்கோங் கீரையையும் சேர்த்து வளர்த்துப் பார்த்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு கெலி மீனுக்கு எட்டுக் கங்கோங் செடிகள் என்னும் விகிதத்தில், ஒரு சதுர மீட்டர் பயிர்ப்பரப்புக்கு நாளொன்றுக்கு 15 முதல் 42 கிராம் தீவனம் ஏற்றது என அவர்கள் கண்டனர். ஐக்கிய நாட்டு உணவு, விவசாய நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கையேடு கீரை வகைகளுக்கு 40 முதல் 50 கிராம் வரை கூறுகிறது. இவ்விரு கணக்குகளும் நமக்குப் பின்னர்ப் பயன்படும்.

கூரை எதற்கு?

குளிர்நாடுகளில் இம்முறையைக் கண்ணாடிக் கூடத்துக்குள் அமைக்கிறார்கள். அதனைப் பசுமைக்கூடம் என்பர். வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதே அதன் நோக்கம். அதைப் பார்த்து நம்மவர் நான்கு புறமும் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டால், நண்பகலில் உள்ளே மனிதரே நிற்க இயலாது. கீரை வாடும், நீர் கொதிப்பேறி உயிர்வளியை இழக்கும். நமக்கு வேண்டியது மழைக்கூரையே. நம் விவசாயத் துறையும் காய்கறி பயிரிடுவோர்க்கு மழைக் காப்புக் கூரைகளையே பரிந்துரைத்து வந்துள்ளது.

கனமழை தொட்டிக்குள் நேரே விழுந்தால் நீர் நிரம்பி வழியும். செடிக்கான சத்தெல்லாம் அதனுடன் கால்வாய்க்குப் போகும். ஆகவே எட்டடி உயரத்தில், சரிவாக, புற ஊதாக் கதிரைத் தாங்கும் தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பக்கங்களைத் திறந்தே விடுக. வேண்டுமானால் கோழி நுழையாதபடி வலை கட்டலாம். மீன் தொட்டியின் மேல் மட்டும் கறுப்பு நிழல்வலை இருக்கட்டும். வெயில் பட்டால் நீர் பச்சைப் பாசி பிடிக்கும். தூண்களுக்கு மூங்கில் போதும்; இரும்புக் குழாய் இருந்தால் சிறப்பு. மேற்குக் கரையில் விடியற்காலை வேளையில் வீசும் 'சுமத்ரா' காற்றைக் கருதி, நான்கு மூலைகளையும் கயிற்றால் இழுத்து முளையடித்துக் கட்டுதல் வேண்டும்.

இடம் சமமாக இருத்தல் இன்றியமையாதது. அதற்காக லயத்தின் பின்னுள்ள மேட்டை வெட்டிச் சமப்படுத்த முற்பட வேண்டா. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் முகாம் ஒன்றின்மேல் மண் சரிந்து 31 உயிர்கள் மாண்டதை நாடு மறக்கவில்லை. வெட்டப்பட்ட சரிவும் வழிந்தோட இடமில்லாத மழைநீரும் சேர்ந்தால் சிறிய மேடும் வீட்டின்மேல் சாயக்கூடும். கூரை போடுமுன் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்புதல் பெறுவதும் முறையாகும்.

தொட்டியும் கற்படுகையும்

ஆயிரம் லிட்டர் கொள்ளும், இரும்புக் கூண்டுக்குள் அமைந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டிகள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. அதன் மேற்புறத்தில் ஓரடி உயரத்தை அறுத்தெடுத்துக் கவிழ்த்தால் அதுவே செடி வளர்க்கும் படுகை. அடிப்பகுதி மீன் தொட்டி. அதில் சுமார் 600 லிட்டர் நீர் நிற்கும். படுகையின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல்.

தொட்டியைத் தேர்ந்தெடுப்பதில் தோட்டத்து மக்களுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று கூறல் வேண்டும். நம்மைச் சுற்றித் தோம்புகளுக்குப் பஞ்சமில்லை. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் வந்த தோம்பு, அம்மோனியா வந்த தோம்பு, களைக்கொல்லி வந்த கலன் என எத்தனையோ சும்மா கிடக்கும். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் பழைய கலன்கள் இன்னும் சில கொட்டகைகளில் இருக்கக்கூடும். எத்தனை முறை கழுவினாலும் இவற்றுள் எதனையும் உணவுக்கான நீருக்குப் பயன்படுத்தலாகாது. சமையல் எண்ணெய், சர்க்கரைப் பாகு போன்ற உணவுப் பொருள் வந்த தொட்டி என்பதை ஒட்டியுள்ள சீட்டைப் படித்து உறுதி செய்த பின்னரே வாங்குக. சீட்டு கிழிக்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

படுகையைச் சிமெண்டுக் கற்களின்மேல் ஏற்றி, மீன் தொட்டியைவிட உயரத்தில் நிறுத்துக. கல்லும் நீரும் சேர்ந்து அரை டன்னுக்கு மேல் எடை உண்டு, பலகை தாங்காது. படுகையை நிரப்ப முக்கால் அங்குலக் கருங்கல் சரளை ஏற்றது. கல்லைப் பல முறை கழுவி, தூசி போன பின் இடுக. சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் நீர் காரமாகி அம்மோனியாவின் நஞ்சு ஏறும். ஐயமிருப்பின் ஒரு கல்லின்மேல் வினிகரைச் சில சொட்டு விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அது சுண்ணாம்பு.

படுகையின் நடுவே ஒரு நிலைக்குழாய். அதன் மேல்விளிம்பு கல்லின் மேற்பரப்பைவிட ஓரங்குலம் தாழ்ந்திருக்கட்டும். அடிப்பகுதியில் சிறு துளைகள் இரண்டு இடுக. நீர் ஏறும்போது விளிம்பு வழியாகத் தொட்டிக்கு வழியும். பம்பு நின்றதும் துளைகள் வழியாக மெல்ல வடியும். வடியும்போது கற்களுக்கு இடையே காற்று புகும்; நுண்ணுயிர்க்கும் வேருக்கும் அந்தக் காற்று தேவை. 25 வாட் அளவுள்ள சிறிய நீர்மூழ்கிப் பம்பை நேரச் சாவியில் பொருத்தி, ஒரு மணிக்கு 15 நிமிடம் ஓடுமாறு வைத்தால் போதுமானது. மீனுக்கு மீன்வளர்ப்புக் கடையில் கிடைக்கும் 5 வாட் காற்றுக்கருவி இடைவிடாது ஓடட்டும். இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு எட்டு யூனிட்டு மின்சாரமே செலவாகும்.

பழைய லயங்களின் மின்கம்பி பற்றிச் சொல்லாமல் போவது முறையன்று. மின்கசிவைத் தடுக்கும் சாதனம் உள்ள இணைப்பிலிருந்தே கம்பி எடுத்தல் வேண்டும். செருகியைத் தரையிலிருந்து உயரத்தில், மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். நீருக்குள் கையை விடுமுன் செருகியைப் பிடுங்கிவிடும் பழக்கம் வீட்டிலுள்ள அனைவருக்கும் வரவேண்டும். தொட்டியின் மேல் உறுதியான கம்பிவலை மூடி இருக்கட்டும். கெலி துள்ளி வெளியே விழாமல் காப்பதற்கு அது வேண்டும்; ஓடி விளையாடும் சிறு பிள்ளைகளைக் காப்பதற்கு அதைவிட வேண்டும்.

அந்த ஐந்து வாரங்கள்

குழாய் நீரில் குளோரின் உண்டு. அது நுண்ணுயிரையும் மீனையும் ஒருசேர அழிக்கும். ஒரு தோம்பில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்த நீரையே எப்பொழுதும் ஊற்றுக. அவசரத்துக்கு மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைப் பயன்படுத்தலாம். பெஸ்தாரி ஜெயா பக்கமுள்ளவர்கள் பழைய ஈயக் குட்டை நீரை எடுக்க நினைக்கலாம். அதில் என்னென்ன உலோகம் கலந்துள்ளதெனக் கண்ணால் அறிய முடியாதாகையால் அதைத் தவிர்ப்பதே நன்று.

நீர் சுழலத் தொடங்கியதும் நான்கு அல்லது ஐந்து கெலிக் குஞ்சுகளை மட்டும் விடுக. நாளுக்கு ஒரு சிட்டிகைத் தீவனம் போதும். ஏற்கெனவே மீன் வளர்ப்பவர் உங்கள் தோட்டத்தில் இருந்தால் அவருடைய வடிகட்டியிலிருந்து ஒரு பிடி கல்லோ பஞ்சோ கேட்டு வாங்கிப் படுகையில் புதைத்துவிடுக. உறைமோர் ஊற்றித் தயிர் உறைய வைப்பதைப் போன்றதே இதுவும், வேலை விரைவாகும்.

மீன் கடையில் அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கும். இதற்குச் செலவிடத் தயங்குவோர் உண்டு. இப்பணியில் வாங்கும் பொருள்களுள் முதன்மையானது இதுவே என்பது நம் கருத்து. வாரம் இருமுறை சோதித்து, சுவர்நாள்காட்டியில் குறித்து வருக. முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறும். ஏறும்போது தீவனத்தை நிறுத்தி, நீரில் ஒரு பங்கை மாற்றுக. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்னும் அளவில் சாதாரண உப்புச் சேர்த்தால் நைட்ரைட் மீனின் உடலுக்குள் புகுவது பெரிதும் குறையும். பின்னர் நைட்ரைட்டும் இறங்கும். இரண்டும் சுழியத்தை எட்டி ஒரு வாரம் நிலைத்தால், கண்ணுக்குத் தெரியாத நம் தொழிலாளர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள் எனக் கொள்ளலாம். அதற்குப் பின்னரே மற்ற குஞ்சுகளை வாங்குதல் வேண்டும்.

எத்தனை மீன்?

வளர்ந்த கெலி நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை உண்ணும். நம் படுகை ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனத்துக்கு மேல் அது தாங்காது. 150 கிராம் எடையுள்ள 25 மீன்கள் உண்பது ஏறக்குறைய அந்த அளவே. எனவே 25 மீன். இடம் இன்னும் இருப்பதுபோல் தோன்றும். கடைக்காரரும் "நூறு எடுத்தால் விலை குறைவு" என்பார். தொட்டியின் கொள்ளளவு மீனின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை. கற்படுகையின் பரப்பே தீர்மானிக்கிறது. இன்னொரு படுகை கட்டினால் இன்னொரு 25 விடலாம்.

கெலியையே நாம் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இடி மின்னலில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும் இடங்களில், மேல் வந்து காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்புள்ள கெலி தாக்குப் பிடிக்கும். திலாப்பியாவுக்கு அந்த வசதி இல்லை. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டுக்கு வந்ததால் 'ஜப்பான் மீன்' எனப் பெயர் பெற்ற திலாப்பியாவின் சுவை பலருக்குப் பிடித்தமானதே. ஆனால் அதை வளர்ப்போர் மின்கலத்தில் இயங்கும் காற்றுக்கருவி ஒன்றை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றால் எந்த மீனுக்கும் தீவனம் இடலாகாது. ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் காற்று கலக்கும்.

கெலியில் பெரியது சிறியதைத் தின்னும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவு பார்த்து, மிகப் பெரியதைப் பிரித்தல் நலம். தீவனம் பத்து நிமிடத்தில் உண்டு தீரும் அளவே இடுக. கோழிக்குடல், எஞ்சிய சோறு ஆகியவற்றைக் குளத்தில் போடுவதுபோல் இங்கே போடலாகாது. கோழி எருவும் கூடாது. அதிலுள்ள கிருமிகள் கீரை வழியாக வயிற்றுக்குள் புகும். வேண்டாத மீனை ஆற்றில் விடவும் வேண்டா. ஆப்பிரிக்கக் கெலி நம் நாட்டுக்கு 1980-களில் வந்த அயல் மீன். பத்தாங் காலி ஆறு சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. அங்குள்ள நாட்டு மீன்களை அது தின்று ஒழிக்கும்.

முதலில் கங்கோங், சாவி, பாயம் ஆகிய கீரைகளை இடுக. கங்கோங் மூன்று, நான்கு வாரங்களில் அறுவடைக்கு வரும். படுகை முழுவதும் ஒரே நாளில் விதைக்காமல் வாரம் ஒரு வரிசையாக விதைத்தால் எப்பொழுதும் கீரை இருக்கும். மிளகாய், கத்தரி, வெண்டை மூன்று மாதத்துக்குப் பின்னர். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. உரக்கடையில் கிடைக்கும் நீரில் கரையும் இரும்புச் சத்தைச் சிறிதளவு சேர்க்கலாம். நுண்ணுயிர்களின் வேலையால் நீர் மாதக்கணக்கில் புளிப்பேறும். அதற்குக் கோலசிலாங்கூர்க் கரையோரத்தில் மலிந்து கிடைக்கும் கெராங் சிப்பி ஓடுகளைக் கழுவி, ஒரு வலைப்பையில் இட்டுத் தொட்டியில் தொங்கவிட்டால் போதும். புளிப்பு மிகும்போது ஓடு கரையும், குறைந்தால் நின்றுவிடும்.

மருந்தும் புகையும்

தோட்டத்து வீட்டில் இம்முறைக்குப் பெரும் பகை மருந்து. களைக்கொல்லி தெளித்துவிட்டு வந்தவர் குளித்து உடை மாற்றாமல் தொட்டியருகே போகலாகாது. தெளிப்பானைத் தொட்டிக்கருகே கழுவலாகாது. கீரையில் பூச்சி கண்டால் எந்த மருந்தும் அடிக்கலாகாது. கையால் பொறுக்குவதும் வெறும் நீரைப் பீய்ச்சுவதுமே வழி. சவர்க்கார நீரும் மீனைக் கொல்லும்.

டெங்கிக்காகச் சுகாதாரத் துறையினர் புகை அடிக்க வருவதாக அறிவித்தால், அன்று தொட்டியையும் படுகையையும் பிளாஸ்டிக்கால் நன்கு மூடிக் காற்றுக்கருவியை நிறுத்தி வைக்க வேண்டும். அந்தப் புகையிலுள்ள மருந்து மனிதருக்குச் செய்யும் தீங்கைவிட மீனுக்குச் செய்யும் தீங்கு பன்மடங்கு. புகை கலைந்ததும் மூடியைத் திறந்து கருவியை ஓட விடுக.

மீன் உள்ள தொட்டியில் கொசுப்புழு தங்காது, மீன் தின்றுவிடும். ஆனால் குளோரின் போவதற்காக நீர் பிடித்து வைத்த தோம்பில் தங்கும். அதன் வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டுக. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் ஏடிஸ் புழு காணப்பட்டால் 500 ரிங்கிட் வரை தண்டம் விதிக்கப்படலாம். நான்கு மாதத்து மீனின் விலை அத்தொகைக்கு அருகில்கூட வராது.

வரவு எவ்வளவு?

விளம்பரங்களில் காணும் பெருந்தொகைகளை நாம் சொல்லப் போவதில்லை. 25 குஞ்சுகளில் சில இறந்து போகும் எனக் கொண்டால், மூன்றரை அல்லது நான்கு மாதத்தில் கிலோவுக்கு ஆறு என்னும் அளவில் மூன்றரைக் கிலோ மீன் கிடைக்கும். அதற்கு நான்கு முதல் ஐந்து கிலோ தீவனம் செல்லும். கீரை வாரத்தில் இரண்டு வேளைக் கறிக்கு வரும். பசார் விலையைக் கொண்டு வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். மீனை மட்டும் கணக்கிட்டால், போட்ட முதல் திரும்ப நெடுநாள் ஆகும். கீரையையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். விற்பனைக்காக என்று கடன் வாங்கிப் பத்துத் தொட்டி வைப்பதை நாம் ஊக்குவிக்க மாட்டோம். ஒரு தொட்டியை ஓராண்டு நடத்திப் பார்த்தவர், அதன் பின் கோலக்குபுபாருவிலுள்ள உலு சிலாங்கூர் மாவட்ட விவசாய அலுவலகத்தையும், மீன்வளத் துறையையும் அணுகி ஆலோசனை பெற்றுப் பெருக்குவதே தகும்.

லயத்து வீடு சொந்த வீடன்று என்பதால் இதையெல்லாம் எதற்குக் கட்டுவது எனச் சிலர் கேட்கலாம். மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக நெடுங்காலம் காத்திருந்ததை இவ்வட்டாரத்தினர் அறிவர். ஆகவே கேள்வி நியாயமானதே. அதனாலேயே நிலத்தில் எதையும் சிமெண்டு பூசி நிறுத்தாமல், அடுக்கிய கல்லும் முடிச்சிட்ட கயிறும் திருகிய குழாயுமாக அமைக்கச் சொல்கிறோம். வீடு மாறும் நாள் வந்தால் முதலில் மீனைப் பிடித்து உணவாக்கிக் கொள்க. கூரையையும் குழாயையும் கழற்றுக. கற்களை மட்டும் வெயிலில் உலர்த்திவிடாதீர்கள். உலர்ந்தால் நுண்ணுயிர்கள் இறந்துபோகும். தொட்டி நீராலேயே நனைத்து, ஈரச் சாக்குகளில் இட்டு, நிழலில் லாரியில் ஏற்றுக. ஒரு நாளைக்குள் புதிய இடத்தில் படுகையில் கொட்டி நீரைச் சுழல விட்டால் பெரும்பாலானவை பிழைத்துக் கொள்ளும். அங்கும் ஐந்து குஞ்சுகளோடு தொடங்கிச் சோதித்து வருக. இம்முறை ஐந்து வாரம் ஆகாது, இரண்டு வாரத்திலேயே சொட்டு மருந்து நல்ல நிறம் காட்டக்கூடும்.